மணல் ஆந்தையும் கயிற்றை விட்ட சிறுவனும்

எங்கள் திரையிடல் ஒன்றுக்கென்று 2009-இல் நாங்கள் அச்சிட்ட துண்டறிக்கை இன்னும் எங்களிடம் இருக்கிறது. ‘எஸ்கிமோ சினிமா: ஓர் அறிமுகம்’ என்பது அதன் தலைப்பு. மூன்று பிழைகளுக்கு இடமில்லாத அளவு சிறிய தலைப்பு; ஆயினும் மூன்றையும் செய்திருந்தோம். எந்த மக்களைப் பற்றிப் பேசினோமோ அவர்கள் அப்பெயரால் தங்களை அழைத்துக்கொள்வதில்லை. நாங்கள் காட்டிய படங்களை இயக்கியவர்கள் அம்மக்களில் எவரும் அல்லர். அறிமுகம் என்றதோ, அறியாதவர்கள் அறியாதவர்களுக்குச் செய்துவைத்தது.

அச்சகம் ஒன்றின் மாடியில், மாதத்தின் கடைசி ஞாயிறுகளில், நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து படம் காட்டிவருகிறோம். வருபவர்கள் பெரும்பாலும் சிற்றிதழ் வாசகர்கள். சில மாதங்களில் இருபது பேர், சில மாதங்களில் நாங்கள் ஆறு பேர் மட்டும். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 2009 ஜனவரியில் தன் சேமிப்பிலிருந்த படங்கள் பலவற்றை எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்தது. அன்றைய இணைய வேகத்தில் எட்டு நிமிடப் படத்தை இடையறாமல் ஓடவிடுவதற்குள் இரண்டு முறை தேநீர் குடித்து முடித்திருந்தோம். அப்படிக் காத்திருந்து பார்த்த முதற்படம் கரோலின் லீஃப் 1974-இல் எடுத்த ‘வாத்தை மணந்த ஆந்தை’.

தமிழில் வாத்து என்று சொல்லிவிடுகிறோம். நம் குளங்களில் மேய்கிற வாத்தன்று அது. இலையுதிர் காலத்தில் கூட்டமாகத் தெற்கே வலசை போகும் பெரிய காட்டுவாத்து. அதன்மீது ஓர் ஆந்தை மையல் கொள்கிறது. மணம் முடிகிறது, குஞ்சுகள் பிறக்கின்றன. குளிர் வருகிறது. வாத்துகள் கிளம்புகின்றன. ஆந்தை வலசை போகும் பறவையன்று. ஆயினும் மனைவி மக்களைப் பிரிய மனமின்றிப் பின்தொடர்கிறது. வழியில் வாத்துகள் இளைப்பாற நீரில் இறங்குகின்றன. ஆந்தைக்கு மிதக்கத் தெரியாது. மூழ்குகிறது.

கதை இவ்வளவே. இதை ஒருவர் வாயால் சொன்னால் ஒரு நிமிடம் ஆகும். லீஃப் இதை மணலால் சொல்லியிருக்கிறார் என்பதுதான் எங்களை அன்று பேச்சற்றவர்களாக்கியது. கீழிருந்து ஒளியூட்டப்பட்ட கண்ணாடிப் பலகை, அதன்மேல் மணல், நேர்மேலே நோக்கிக் கவிந்த காமிரா. மணல் குவிந்த இடம் கருப்பு, விலகிய இடம் வெளிச்சம். விரலால் ஓர் உருவம் அமைத்து, சட்டகம் எடுத்து, அதே மணலைச் சிறிது நகர்த்தி அடுத்த உருவம். நொடிக்கு 24 சட்டகங்கள். ஓர் உருவத்தை இரு சட்டகங்களுக்கு நிறுத்தினாலுங்கூட, ஏழு நிமிடப் படத்துக்கு 5,040 உருவங்கள் வேண்டும். அவற்றுள் ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதை அழித்தே பிறந்தாக வேண்டும். காகிதத்தில் வரைபவர் தவறினால் பழைய தாளுக்குத் திரும்பலாம். இங்கே திரும்புவதற்கு ஒன்றும் எஞ்சியிருப்பதில்லை. 

லீஃப் 1946-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர். ஹார்வர்டில் டெரெக் லாம்ப் நடத்திய வகுப்பில் மணலைக் கையிலெடுத்து, 1969-இல் முதற்படம் செய்து, பின்னர் மாண்ட்ரியலுக்கு வந்து வாரியத்தில் சேர்ந்தவர். ஆந்தைப் படத்துக்கு மூன்றாண்டுகள் கழித்து, 1977-இல், காஃப்காவின் ‘உருமாற்ற’த்தையும் அவர் மணலால்தான் படமாக்கினார். எங்கள் வாசக நண்பர்கள் அந்தப் படத்தையே அதிகம் கொண்டாடுகிறார்கள். காஃப்கா என்ற பெயர் செய்யும் வேலை அது. எங்களுக்கு ஆந்தைதான் மேல். சம்சா பூச்சியாவது ஓர் அதிர்ச்சி. அவ்வதிர்ச்சி நிகழ, மனிதனும் பூச்சியும் வேறு வேறு என்று முன்பே நம்பியிருக்க வேண்டும். வட துருவக் கதைகளில் அந்த வேலி இல்லை. கரடி தோலைக் கழற்றி வைத்துவிட்டு மனிதனாக உட்காரும், பெண் கடல்விலங்காவாள். ஓர் உருவம் கரைந்து இன்னோர் உருவமாகும் மணலுக்கு அந்த உலகம் புதிதன்று.

ஒலியைச் சொல்லாமல் விடக்கூடாது. படத்தில் கேட்கும் பறவைக் குரல்கள் பறவைகளுடையவை அல்ல. இனூயிட் மக்கள் தம் தொண்டையால் எழுப்பியவை. வேட்டையாடி வாழ்ந்தவர்களுக்கு விலங்கின் குரலில் பேசுவது கலையாவதற்கு முன்பே பிழைப்பாக இருந்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது இதை நாங்கள் கவனிக்கவில்லை. பறவைகளைப் பதிவுசெய்து சேர்த்திருக்கிறார்கள் என்றே நினைத்தோம்.

அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர் தம் ஆறு வயது மகளையும் அழைத்து வந்திருந்தார். படம் முடிந்ததும் அவள், “வாத்தெல்லாம் ஏன் திரும்பிப் பார்க்கவே இல்லை?” என்று கேட்டாள். நாங்கள் இயற்கை நியதி, உயிரினங்களின் வரம்பு என்றெல்லாம் அவளுக்குப் புரியாத தமிழில் சொன்னோம். அது பதிலன்று என்பது எங்களுக்கே தெரிந்திருந்தது.

அதே மாலையில் கோ ஹூடமனின் படங்களையும் காட்டினோம். ஆம்ஸ்டர்டாமில் பிறந்து 1965-இல் கனடாவுக்கு வந்த ஹூடமன், 1971 முதல் 1975 வரை இனூயிட் கதைகளைக் கொண்டு நான்கு குறும்படங்கள் எடுத்தார்: ‘ஆந்தையும் லெம்மிங்கும்’, ‘ஆந்தையும் அண்டங்காக்கையும்’, ‘லூமாக்’, ‘மனிதனும் அரக்கனும்’. பின்னாளில் ‘மணற்கோட்டை’க்காக ஆஸ்கர் வாங்கியவர் என்றே அவரைப் பலர் அறிவர். அண்டங்காக்கைப் படத்தின் பொம்மைகள் கடல்நாய்த் தோலால் ஆனவை. கதையில் ஆந்தையும் காக்கையும் ஒன்றுக்கொன்று உடல் அழகு செய்துகொள்ள, இறுதியில் விளக்கெண்ணெய்க் கரி முழுதும் காக்கைமேல் கொட்டி அது என்றைக்கும் கருப்பாகிறது. விளக்கெண்ணெய் என்றால் ஆமணக்கு எண்ணெய் அன்று, கடல்நாய்க் கொழுப்பு; இனூயிட் வீட்டின் கல்விளக்கு அதில்தான் எரிந்தது. விளக்குக்கு எண்ணெய் தந்த விலங்கின் தோலிலேயே பொம்மை செய்தது நல்ல யோசனை. அரக்கன் படம் மனிதர்களை வைத்து எடுத்தது. அதில் எங்களுக்கு ஈடுபாடு ஏற்படவில்லை.

இந்த ஐந்து படங்களுக்கும் அன்று ‘ஓர் எஸ்கிமோ தொன்மம்’ என்ற துணைத்தலைப்பு இருந்தது. துண்டறிக்கையில் நாங்கள் அதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்தோம். எஸ்கிமோ என்பது பிறர் சூட்டிய பெயர்; அம்மக்களுள் பலர் அதை இழிசொல்லாகவே கொள்கின்றனர். 1977-இல் அலாஸ்காவின் பாரோவில் கூடிய மாநாட்டிலேயே தங்களை இனூயிட் என்று அழைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டார்கள். அச்சொல்லுக்கு மக்கள் என்று பொருள். ஒருவரைச் சொல்ல இனுக். 1999 ஏப்ரல் முதல் நாள் நூனவுட் என்ற தனி ஆட்சிப் பகுதியும் அமைந்துவிட்டது. பத்தாண்டு கழித்து நாங்கள் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தோம், எஸ்கிமோ என்று.

வெள்ளையர் எடுத்தார்கள், பிறகு இனூயிட் எடுத்தார்கள் என்று இதை இரண்டு காலமாகப் பிரித்துவிடுவது எளிது. சில காலம் நாங்களும் அப்படித்தான் பேசித்திரிந்தோம். அது சரியன்று. 1970களின் தொடக்கத்திலேயே, கல்லச்சு ஓவியங்களுக்குப் புகழ்பெற்ற கேப் டார்செட்டில் (இன்று அதன் பெயர் கின்னைட்) வாரியம் அனிமேஷன் பயிலரங்கு நடத்தியது. சாலமோனி பூட்டூகூக், டிம்முன் அலாரியாக் முதலிய உள்ளூர்க் கலைஞர்கள் அங்கே செய்தவற்றின் தொகுப்பு 1973-இல் வெளிவந்தது. லீஃபின் ஆந்தைக்கு ஓராண்டு முந்தியது அது. தேடியிருந்தால் 2009-இலேயே கிடைத்திருக்கும். நாங்கள் தேடவில்லை, புகழ்பெற்ற பெயர்களோடு நின்றுவிட்டோம்.

இனி, இதை எழுதத் தூண்டிய படத்துக்கு வருகிறோம்.

பார்வையற்ற சிறுவனும் லூன் பறவையும் என்ற கதை அலாஸ்காவிலிருந்து கிரீன்லாந்து வரை வெவ்வேறு வடிவங்களில் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. பாஃபின் தீவில் 1883-84-இல் தங்கிய ஃபிரான்ஸ் போவாஸும், 1921 முதல் 1924 வரை நாய்ச்சறுக்கு வண்டியில் துருவத்தைக் கடந்த க்னுட் ராஸ்முஸனும் இத்தகைய கதைகளை ஏராளமாக எழுதி வைத்தார்கள். சிறுவனுக்குப் பார்வையில்லை. உடனிருப்பவள் தாய்; சில வடிவங்களில் பாட்டி, சிலவற்றில் மாற்றாந்தாய். ஒரு தங்கையும் உண்டு. குளிர்காலத்தில் வீட்டின் பனிக்கட்டிச் சன்னலுக்கு ஒரு வெண்கரடி வருகிறது. சிறுவன் வில்லை வளைக்கிறான். தாய் அம்பின் குறியைத் திருப்பிக் கொடுக்கிறாள். கரடி விழும் ஓசை அவனுக்குக் கேட்கிறது. “நீ எய்தது நம் நாயை” என்கிறாள் தாய். அவள் கரடிக்கறி உண்கிறாள், அவனுக்கு நாய்க்கறி. தங்கை தன் பங்கை உடைக்குள் ஒளித்து வந்து அவனுக்கு ஊட்டுகிறாள்.

வேட்டையாட இயலாத வயிறு ஒன்று வீட்டில் இருப்பதன் பொருள் என்ன என்பதை அறிந்தவர்கள் சொன்ன கதை இது. நாட்டார் கதைகளின் கொடுமையை உளவியல் கொண்டு விளக்கும் பழக்கம் நமக்குண்டு. இங்கே முதலில் பசி என்ற ஒரு சொல்லை வைத்துப் பார்க்கலாம். பிறகும் தாயின் செயல் மன்னிக்கத்தக்கதாக ஆவதில்லை.

லூன் என்பது முக்குளிப்பான்போல் ஆழ்ந்து நீந்தும் நீர்ப்பறவை. அது சிறுவனை ஏரிக்குள் திரும்பத் திரும்ப மூழ்கடித்துக் கண்ணைத் திறந்துவிடுகிறது. பார்வை வந்ததை அவன் மறைக்கிறான். திமிங்கில வேட்டையில் எறியீட்டியின் கயிற்றைத் தாயின் உடலோடு பிணைத்து, பெரிய திமிங்கிலம் ஒன்றைக் குத்துகிறான். அவள் கடலுக்குள் இழுபட்டுப் போகிறாள். அவள் கூந்தல் முறுகி நீண்ட தந்தமாகி, அவளே நார்வால் திமிங்கிலமானாள் என்று முடியும் வடிவங்கள் உண்டு.

ஹூடமனின் ‘லூமாக்’ (1975) இக்கதைதான். புவிர்னிடுக் ஊரின் கலைஞர் தவிதியலுக் அலாசுவா அமித்துவின் படைப்புகளை அடியொற்றியது. நாங்கள் அதை ஒரு தோற்றக் கதையாகப் பார்த்தோம். நார்வாலுக்குத் தந்தம் வந்த விதம் என்று. தாய் மூழ்கியபோது எங்கள் மாடியில் யாரோ கைதட்டியதுகூட நினைவிருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து, அதே கதையை அலீதியா அர்னாகுக்-பாரில் 2010-இல் எடுத்த ‘லூமாஜூக்’கைக் காட்டினோம். அவர் நூனவுட்டின் தலைநகர் இகாலுயிட்டைச் சேர்ந்த இனுக் பெண். பின்னர் 2016-இல் கடல்நாய் வேட்டைக்குத் தடை கோரும் இயக்கங்களுக்கு மறுமொழியாக ‘ஆங்ரி இனுக்’ என்ற ஆவணப்படம் எடுத்தவர். வாரியமும் நூனவுட் அமைப்புகளும் இணைந்து நடத்திய அனிமேஷன் பயிலகத்தில் உருவான நான்கு குறும்படங்களுள் ஒன்று இது. (கடல்விளிம்பில் விளையாடும் சொல்பேச்சுக் கேளாப் பிள்ளைகளைத் தூக்கிப்போகும் ‘கலுபலிக்’கைப் பற்றி ஏமி பபாட்சி எடுத்த படமும் அந்நான்கில் அடங்கும். பிளவுபடும் பனிக்கட்டியின்மேல் பிள்ளை வளர்த்தவர்களின் பூச்சாண்டி அது.)

எட்டு நிமிடங்களுக்குள் அடங்கும் ‘லூமாஜூக்’கில் தாயின் கொடுமை சற்றும் குறைக்கப்படவில்லை. பார்வையைப் பறித்தவளே தாய்தான் என்று பறவை சிறுவனிடம் சொல்கிறது. வேட்டை நாள் வருகிறது. திமிங்கிலத்தை ஈட்டியால் குத்துபவள் தாய். கயிற்றைப் பிடித்துக் காக்க வேண்டியவன் மகன். அவன் பிடியை விடுகிறான். அவள் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இம்முறை எவரும் கைதட்டவில்லை. பழி முடிந்த பின்னும் அவன் நிம்மதி அடைந்ததாகப் படம் நமக்குச் சொல்லவில்லை. பழி தீர்த்ததைக் கொண்டாடும் படமன்று இது. பழியின் விலையைப் பற்றியது.

இது ஒரு நெடுங்கதையின் ஒரு பகுதி மட்டுமே. வாய்மொழி மரபின் பல வடிவங்களில் அண்ணனும் தங்கையும் அங்கிருந்து அலைந்து வேறிடம் சேர்கிறார்கள். இருட்டில் தன்னை நாடி வருபவன் யாரென்று அறியத் தங்கை கையில் கரி பூசிக்கொள்கிறாள். விடிந்ததும் கரி படிந்த முகம் அண்ணனுடையது. அவள் தீப்பந்தம் ஏந்தி ஓட, அவன் துரத்துகிறான். அவள் சூரியன், அவன் நிலவு. தாயைக் கடலில் விட்ட பையனின் பிற்கால வரலாறு இது. இதைப் படித்தறிந்த பிறகு, 1975-ஆம் ஆண்டுப் படத்துக்கு நாங்கள் கைதட்டியது உறுத்துகிறது. குற்றம் ஹூடமனுடையதன்று, எங்களுடையது. துன்புற்றவன் நல்லவன் என்ற கணக்கை நாங்கள்தான் கையோடு கொண்டு போயிருந்தோம்.

‘லூமாஜூக்’ காட்டிய அன்று நடந்த ஒன்றை எங்கள் நண்பர் ஒருவரின் இசைவோடு இங்கே எழுதுகிறோம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அவர், கடைசி ஒன்றரை நிமிடத்தை மறுபடியும் போடச் சொன்னார். போட்டோம். “அவன் தள்ளவில்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான்” என்றார். பிறகு சட்டைப் பையில் எதையோ தேடுபவர்போல் எழுந்து போய்விட்டார்.

சிறு வயதில் தாயை இழந்த அவர் சித்தியிடம் வளர்ந்தவர். எப்படி வளர்ந்தார் என்பது எங்களுக்கு ஓரளவு தெரியும். அவர் முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. சித்தி பக்கவாதத்தில் படுத்து அப்போது இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. இவர் மாதம் தவறாமல் பணம் அனுப்பினார். ஒரு தடவையும் போய்ப் பார்த்ததில்லை. அதை நாங்கள் யாரும் குறையாகச் சொன்னதில்லை. சொல்ல உரிமையும் இல்லை. அந்தத் திரையிடலுக்குப் பின் போனாரா என்றும் கேட்கவில்லை.

பின்னாட்களில் இவ்வரிசையில் பல படங்கள் சேர்ந்தன. லாப்ரடாரின் நைன் ஊரைச் சேர்ந்த எக்கோ ஹெனோக், கொடிய வெண்கரடியைக் கல்லாக்கிய மந்திரவாதியின் கதையைத் தம் பாட்டனாரிடம் கேட்டபடி 2017-இல் கையால் வரைந்து படமாக்கினார். ஹூடமனின் ஆந்தையும் லெம்மிங்கும் 2016-இல் ரோஸ்லின் அகுலுக்ஜுக்கின் பொம்மைகளாகத் திரும்பி வந்தன: தற்பெருமை மிக்க ஆந்தையைப் புகழ்ந்தே தப்பிவிடும் அந்தத் துருவத்து எலி, இப்போது தன் ஊராரின் கையிலிருந்து தப்புகிறது. நன்றாகச் சிரித்தோம். ஆனால் இவற்றுள் எங்களை நெடுநேரம் பேசவைத்தது ஜக்காரியஸ் குனுக்கின் ‘ஆங்காகுசாஜாவுஜுக்’ (2021). ‘அடனார்ஜுவட்’டுக்காக 2001-இல் கான் விழாவில் தங்கக் காமிரா விருது பெற்ற அதே குனுக், இம்முறை பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்தி எடுத்த படம். மந்திரவித்தை பயிலும் இளம்பெண், ஒருவனுடைய நோயின் காரணத்தைக் கேட்டறியப் பாட்டியின் ஏவலில் பூமிக்கடியில் வாழும் கன்னாலுக்கிடம் இறங்கிப் போகிறாள். அவ்வாண்டு அன்னெசி விழாவில் திரைப்பட விமர்சகர் சங்கத்தின் விருது இதற்குக் கிடைத்தது.

அந்த உலகில் நோய் வெளியிலிருந்து வருவதில்லை. மறைத்து வைத்த ஒரு மீறலிலிருந்து வருகிறது. மருந்து என்பது அதை ஊரறியச் சொல்வது. கீழே இறங்கிப்போகும் பெண்ணின் அச்சத்தை அப்பொம்மையின் முகத்தில் காணும்போது, அசையாத முகம் எப்படி அஞ்சுகிறது என்ற வியப்பு எங்களுக்குத் தீரவில்லை. பாட்டி அவளைத் தேற்றுவதில்லை. வேலையைச் செய்யச் சொல்கிறாள்.

ஆறு வயதில் ஆந்தைப் படம் பார்த்த பெண் இப்போது கல்லூரி முடித்துவிட்டாள். சென்ற முறை வந்திருந்தபோது அவள் கேள்வியை நினைவூட்டினோம். அவளுக்குப் படமே நினைவில்லை. மறுபடியும் போட்டுக் காட்டினோம். இணையம் இப்போது தயங்குவதில்லை. பார்த்துவிட்டு, “மணலில் கண்ணை எப்படிச் செய்தார்?” என்று மட்டும் கேட்டாள்.

இக்கட்டுரையை முடித்து, குறிப்பிட்ட நண்பருக்கு அனுப்பினோம். தம்மைப் பற்றிய பகுதியில் அவர் எதையும் திருத்தவில்லை. “தங்கச்சியப் பத்தி இன்னும் கொஞ்சம் எழுதலாமே” என்றார். தம் பங்குக் கறியை ஒளித்து வந்து ஊட்டியவள், கயிறு போன அன்று பனியின்மேல் எங்கே நின்றிருந்தாள், யாருக்காக அழுதாள் என்று கேட்டார். நாங்கள் அவள் சூரியனானதைச் சொன்னோம். அவர் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் சித்திக்கு ஒரு மகள் உண்டு. சித்தியைக் கடைசிவரை குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.